கோழிக்குஞ்சின் ரத்தத்தில் பிறந்த வைட்டமின்

வைட்டமின் கே-யைத் தேடி யாரும் புறப்படவில்லை. 1920-களின் இறுதியில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் கூடத்தில் ஹென்ரிக் டாம் கோழிக்குஞ்சுகளை வளர்த்தது வேறொரு கேள்விக்காக. தீவனத்தில் கொழுப்பே இல்லாவிட்டாலும், தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைக் குஞ்சின் உடம்பு தானே செய்துகொள்ளுமா? கரைப்பான்களைக் கொண்டு தீவனத்திலிருந்த கொழுப்பை முழுக்கக் கழுவி எடுத்தார். அன்றைக்குத் தெரிந்திருந்த ஏ, டி வைட்டமின்களைத் தனியே சேர்த்துக் கொடுத்தார். குஞ்சுகள் கொலஸ்ட்ராலைச் செய்துகொண்டன. கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

ஆனால் இரண்டு மூன்று வாரங்களில் சில குஞ்சுகளுக்குத் தோலுக்கு அடியிலும் தசைக்குள்ளும் ரத்தம் கசிந்து கட்டியது. எடுத்துப் பார்த்த ரத்தம் உறையாமல் நெடுநேரம் நீராகவே நின்றது. 1929-ல் வெளியிட்ட கட்டுரையில் டாம் இதையும் எழுதிவைத்தார். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாதது என்று ஒதுக்கிவிடாமல் எழுதிவைத்த அந்தக் குறிப்பிலிருந்துதான் வைட்டமின் கே பிறந்தது.

நகரியில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கதையைச் சொல்லக் காரணம் உண்டு. தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் புழங்கும் இந்த நெசவு ஊரில், இந்தச் சத்து மூன்று வேடங்களில் வருகிறது. மருந்துக்கடையில் கால்சியம் மாத்திரை அட்டையில் ‘கே2’ என்று அச்சாகி வருகிறது. இதய வால்வு மாற்றிக்கொண்டவர் வீட்டில் ‘கீரையைத் தொடவே கூடாதாம்’ என்ற பயமாக வருகிறது. பிரசவ அறையில், பிறந்த குழந்தையின் தொடையில் போடும் ஊசியாக வருகிறது. எதற்குத் தலையாட்டுவது, எதைத் தள்ளுவது என்று தெரியாமல் பலர் குழம்புவதைப் பார்க்கிறேன். அந்தக் குழப்பம் தீர வேறெங்கும் போக வேண்டாம். வைட்டமின் கே-யை எப்படி உண்பது, யாருக்கு மாத்திரை, யாருக்கு ஊசி என்பதெல்லாம் அது கண்டுபிடிக்கப்பட்ட கதைக்குள்ளேயே இருக்கிறது.

இலையில் கிடைத்தது

ரத்தக் கசிவு என்றதும் அந்தக் காலத்து மருத்துவ மனம் ஸ்கர்வி நோயை நினைக்கும். எலுமிச்சைச் சாறு கொடுத்தால் சரியாகிவிடும் என்று எண்ணும். டாமும் கொடுத்துப் பார்த்தார், பலிக்கவில்லை. கொலஸ்ட்ராலைச் சேர்த்தார்; பலிக்கவில்லை. மீன் எண்ணெயிலும் தீர்வு இல்லை. தானியங்களையும் விதைகளையும் கொடுத்தபோதுதான் கசிவு குறைந்தது. பிறகு பச்சை இலைகளிலும் பன்றி ஈரலிலும் அந்தப் பொருள் நிறைய இருப்பது தெரிந்தது. கொழுப்பில் கரையும் புதிய சத்து ஒன்று இருக்கிறது என்று 1935-ல் டாம் அறிவித்தார். வைட்டமின் வரிசையில் அதுவரை யாரும் எடுத்துக்கொள்ளாத கே என்ற எழுத்தை அதற்கு வைத்தார்; ஜெர்மன், டேனிஷ் மொழிகளில் ரத்த உறைவைக் குறிக்கும் சொல்லுக்கும் அதுவே முதலெழுத்து. அவருடன் உழைத்த ஃப்ரிட்ஸ் ஷோன்ஹைடர், நோயுற்ற குஞ்சுகளின் ரத்தத்தில் புரோத்ராம்பின் என்ற உறைதல் புரதம் குறைந்திருப்பதைக் காட்டினார்.

அதே காலத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஹெர்மன் ஆல்ம்குவிஸ்ட், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் என்ற இருவரும் இதே நோயைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். குதிரை மசால் என்று நம் விவசாயிகள் சொல்கிற தீவனப் பயிரின் காய்ந்த இலை குஞ்சுகளைக் காப்பாற்றுவதை அவர்களும் கண்டார்கள். ஆனால் அவர்கள் கட்டுரை அச்சேறச் சில வாரங்கள் பிந்திவிட்டது. கண்டுபிடித்தவர் என்ற பெயர் டாமுக்குப் போயிற்று. 1939-ல் குதிரை மசாலிலிருந்தே கே1 தூய பொருளாகப் பிரித்தெடுக்கப்பட்டது. சூரிச்சில் பால் காரருடன் சேர்ந்து டாமும், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் எட்வர்ட் டாய்சியின் குழுவும் அதைச் சாதித்தார்கள். 1943-ம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு டாமுக்கும் டாய்சிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

ஆக, கே1-ன் வீடு பச்சை இலை. இலை ஒளியை வாங்கி உணவு சமைக்கும் வேலையில் இதற்குப் பங்கு உண்டு. அதனால்தான் பச்சை அடர்ந்த இலையில் அதிகமும் வெளுத்த இலையில் குறைவுமாக இருக்கிறது. 100 கிராம் பாலக்கில் சுமார் 480 மைக்ரோகிராம், கொத்தமல்லித் தழையில் சுமார் 310, முட்டைக்கோஸில் 75-ஐ ஒட்டி. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையில் நம் கீரைகளின் கே1 அளவும் இடம்பெற்றுள்ளது.

தேவை எவ்வளவு? அமெரிக்கக் கணக்குப்படி ஆணுக்கு நாளொன்றுக்கு 120 மைக்ரோகிராம், பெண்ணுக்கு 90. ஐரோப்பியக் கணக்கில் பெரியவர்களுக்கு 70. எந்தக் கணக்கை எடுத்தாலும் ஒரு கைப்பிடிக் கீரை அதைத் தாண்டிவிடும். நகரிச் சந்தையில் முளைக்கீரையும் முருங்கையும் புளிச்சக்கீரையும் அரைக்கீரையும் கட்டுக்கட்டாக வருகின்றன. கேழ்வரகுக் களிக்குக் கீரைக் கடைசல் வைத்துச் சாப்பிடும் வீட்டில் வைட்டமின் கே பற்றாக்குறைக்கு இடமில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன்: நல்ல உடம்போடு இருக்கிற, கீரை சாப்பிடுகிற பெரியவருக்கு இந்தச் சத்தை மாத்திரையாக வாங்க வேண்டிய அவசியமில்லை.

ஒரு விஷயம் மட்டும் கவனம். உடம்பு இதை நீண்ட நாளுக்குச் சேமித்து வைப்பதில்லை. பொங்கலுக்கு ஒருமுறை கீரை என்றால் போதாது. வாரத்தில் பல நாள் ஏதோ ஒரு பச்சை இலை தட்டில் விழ வேண்டும். சமைத்தால் சத்து போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். கே1 சூட்டைத் தாங்கும், தண்ணீரில் கரைந்து ஓடாது. வெளிச்சம்தான் அதற்குப் பகை.

கொழுப்பும் பித்தமும்

குஞ்சுகளுக்கு நோய் வந்தது கொழுப்பைக் கழுவி எடுத்ததால். கொழுப்போடு சேர்ந்தே இந்தச் சத்தும் வெளியே போயிருந்தது. இந்தத் தகவல் நம் அடுப்படிக்கு நேராக வருகிறது. இலைக்குள் கே1 இறுகப் பிணைந்து கிடக்கிறது. கொழுப்பு கூட இல்லாவிட்டால் குடலில் சிறிதளவே ஏறும். கீரையை வெறுமனே வேகவைத்துத் தின்றபோது ஏறியதைவிட, வெண்ணெயோடு தின்றபோது கணிசமாகக் கூடுதலாக ஏறியதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அதனால் கடைசலின் மேல் ஊற்றும் தாளிப்பு ருசிக்கு மட்டுமல்ல. சித்தூர்ச் சீமையில் விளையும் கடலையின் எண்ணெயில் வைட்டமின் கே அநேகமாக இல்லை. 100 கிராமில் ஒரு மைக்ரோகிராம்கூடத் தேறாது. சோயா எண்ணெயில் 180 வரை இருக்கிறது. ஆனாலும் கீரையிலிருக்கும் சத்தை உடம்புக்குள் கொண்டுசேர்க்கக் கடலை எண்ணெய் ஒரு கரண்டி போதும். எடை குறைக்க வேண்டும் என்று எண்ணெயே இல்லாமல் கீரையை அவித்து உண்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

கொழுப்பு செரிக்கப் பித்தநீர் வேண்டும். இங்கேதான் கோழிக்கூண்டிலிருந்து கதை மனிதர்களிடம் வந்தது. பித்தக் குழாயில் கல்லோ கட்டியோ அடைத்து மஞ்சள் காமாலை வந்தவர்களுக்கு அறுவை செய்ய அன்றைய டாக்டர்கள் அஞ்சுவார்கள். காயத்தில் ரத்தம் நிற்காமல் நோயாளி இறந்துபோவது வழக்கமாக இருந்தது. கே கண்டுபிடிக்கப்பட்டபின் காரணம் விளங்கியது: பித்தம் குடலுக்கு வராததால் கொழுப்பு ஏறவில்லை, கொழுப்போடு வரவேண்டிய கே-யும் ஏறவில்லை. 1938-ல் அமெரிக்காவில் மேயோ கிளினிக் மருத்துவர்கள் பித்த உப்போடு சேர்த்து வைட்டமின் கே-யைக் கொடுத்து அந்த ரத்தப்போக்கை நிறுத்திக் காட்டினார்கள். மாத்திரையும் ஊசியும் உண்மையிலேயே யாருக்கு வேண்டும் என்பதற்கான முதல் விடை அதுதான். பித்தக் குழாய் அடைப்பு, தீவிரமான ஈரல் நோய், கொழுப்பை உறிஞ்ச முடியாத குடல் நோய், சரியாகச் சாப்பிட முடியாமல் பல நாள் ஆன்டிபயாட்டிக்கில் கிடப்பவர் — இவர்களுக்கு எவ்வளவு கீரை கொடுத்தாலும் எட்டாது. இவர்களுக்கு டாக்டர்தான் வழி சொல்ல வேண்டும்.

அழுகிய மீன் தூளில் இன்னொன்று

பெர்க்லியில் கண்ட இன்னொன்றும் இருக்கிறது. கொழுப்பெடுத்த மீன் தூள் தீவனம் குஞ்சுகளுக்கு ரத்தப்போக்கைக் கொடுத்தது. அதே தூளை நனைத்து அழுகவிட்டுக் கொடுத்தால் குஞ்சுகள் பிழைத்தன. அழுகலில் பெருகிய பாக்டீரியாக்கள் அந்தச் சத்தைத் தாமே செய்திருந்தன. டாய்சியின் குழு அழுகிய மீன் தூளிலிருந்து பிரித்தெடுத்ததுதான் கே2. ஜப்பானியர் சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் நாட்டோவில் இது மிகுதி. நம் சாப்பாட்டில் முட்டை மஞ்சள் கருவிலும் கோழிக்கறியிலும் கொஞ்சம் கொஞ்சம் வருகிறது.

இன்று மருந்துக்கடை அட்டைகளில் விலை கூட்டி விற்கப்படுவது இந்த கே2. நகரிக்கு அடுத்த புத்தூர், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதில் தென்னாடு முழுக்கப் பெயர் பெற்ற ஊர். முறிவு என்றாலே கால்சியம் மாத்திரையைத் தேடும் பழக்கம் இங்கே உண்டு. அந்த மாத்திரையோடு கே2-வும் இப்போது ஒட்டிக்கொண்டு வருகிறது. எலும்பில் ஆஸ்டியோகால்சின் என்ற புரதம் வேலை செய்ய வைட்டமின் கே தேவை என்பது மெய்தான். ஜப்பானில் எலும்பு மெலிவுக்கு ஒரு நாளைக்கு 45 மில்லிகிராம் அளவில் கே2-வின் ஒரு வகையை மருந்தாகவே தருகிறார்கள். அது நம் கடை மாத்திரையில் இருக்கும் மைக்ரோகிராம் அளவைவிடப் பல நூறு மடங்கு. மற்ற நாட்டு ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ரத்தக்குழாயிலும் வால்வுகளிலும் சுண்ணாம்பு படிவதை கே2 தடுக்கும் என்ற பேச்சும் உண்டு. வைட்டமின் கே பிறந்த டென்மார்க்கிலேயே, இதய வால்வில் சுண்ணாம்பு படிந்த ஆண்களுக்கு கே2-வையும் வைட்டமின் டி-யையும் இரண்டு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். படிவு வேகம் குறையவில்லை என்று 2022-ல் முடிவு வந்தது. தறிக் கூலியில் குடும்பம் நடத்துகிறவர் இந்த மாத்திரைக்குச் செலவழிப்பதைவிடக் கீரைக்கும் முட்டைக்கும் செலவழிப்பதே மேல் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மாடுகள் சொன்ன எதிர்க்கதை

கோபன்ஹேகனில் குஞ்சுகள் ரத்தம் கசிந்த அதே ஆண்டுகளில், கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. இனிப்பு க்ளோவர் என்ற தீவனப் பயிரை வெட்டிக் காயப் போடும்போது ஈரம் பட்டுப் பூசணம் பிடித்தால், அதைத் தின்ற மாட்டுக்குக் கொம்பு அறுத்த காயம்கூட எமனாகியது. கால்நடை மருத்துவர் ஃபிராங்க் ஸ்கோஃபீல்டு 1920-களிலேயே பூசணம் பிடித்த அந்தத் தீவனம்தான் காரணம் என்று காட்டிவிட்டார். 1933 பிப்ரவரியில் விஸ்கான்சின் மாநில விவசாயி ஒருவர், செத்த கிடேரியையும் உறையாத ரத்தம் நிரம்பிய பால் கேனையும் ஏற்றிக்கொண்டு பனிப்புயலில் மேடிசன் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரின் கூடத்தில் ஆறு ஆண்டு உழைப்புக்குப் பிறகு, 1939-ல் அந்த நஞ்சு படிகமாகக் கைக்கு வந்தது: டைகூமரால். அதன் வழியில் செய்யப்பட்ட வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தாகவும், 1954-லிருந்து மனிதருக்கு ரத்தக் கட்டு வராமல் காக்கும் மருந்தாகவும் வந்தது.

இந்த நஞ்சு செய்வது என்ன? நம் உடம்பு ஒரே வைட்டமின் கே மூலக்கூறைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துப் பயன்படுத்துகிறது. அதனால்தான் நமக்கு மைக்ரோகிராம் கணக்கில் போதுகிறது. அந்தப் புதுப்பித்தலை வார்ஃபரின் தடுத்துவிடுகிறது. வைட்டமின் கே எப்படி வேலை செய்கிறது என்பது 1974-ல்தான் தெளிவாயிற்று: ரத்தம் உறையவைக்கும் புரதங்களைக் கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும்படி அது மாற்றியமைக்கிறது. நகரிக்காரர்களுக்குச் சொல்வதானால், பாவு ஏற்றித் தறி தயாராக நின்றாலும் நாடா ஓடாவிட்டால் துணி விழாது. புரதங்கள் எல்லாம் ரத்தத்தில் இருந்தும் கே இல்லாவிட்டால் உறைவு விழாது.

சிறு வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து வால்வு கெட்டு, உலோக வால்வு வைத்துக்கொண்டவர்கள் நம் பக்கத்தில் பலர். திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிலையம் உருவாக்கிய இந்திய வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டபின், இந்தச் சிகிச்சை ஏழைகளுக்கும் எட்டத் தொடங்கியது. நகரியிலிருந்து அவர்கள் திருப்பதிக்கோ வேலூருக்கோ சென்னைக்கோ போய், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். சோதனை செய்து, வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் அளவைச் சரிபார்த்து வருகிறார்கள். அவர்களிடம் ஊரார் சொல்லும் அறிவுரை ‘கீரையே வேண்டாம்’ என்பது. அது தவறு. மாத்திரையின் அளவு அவர் தின்கிற கீரையையும் கணக்கில் வைத்தே நிர்ணயமாகிறது. வாரம் மூன்று நாள் கீரை தின்றவர் அந்த மூன்று நாளைத் தொடர வேண்டும். புரட்டாசி விரதம் என்று திடீரென்று சாப்பாடு சுருங்கினால் ஐ.என்.ஆர். ஏறி ரத்தம் கசியலாம். உடம்புக்கு நல்லது என்று யாரோ சொல்லித் திடீரென்று தினமும் முருங்கைப் பொடி கரைத்துக் குடித்தால் ஐ.என்.ஆர். இறங்கி வால்வில் ரத்தம் கட்டலாம். கே2 கலந்த கால்சியம் மாத்திரையும் அப்படியே; டாக்டரைக் கேட்காமல் இவர்கள் அதைத் தொடக்கூடாது. கீரையின் அளவு மாறாமல் இருப்பதுதான் இவர்களுக்குப் பத்தியம்.

இலை எட்டாத இடம்

எல்லாவற்றிலும் முக்கியமான பகுதி இனிமேல்தான். 1894-ல் பாஸ்டன் டாக்டர் சார்லஸ் டவுன்சென்ட், பிறந்த ஓரிரு நாளில் காரணமில்லாமல் ரத்தம் கசிந்த 50 குழந்தைகளைப் பற்றி எழுதினார். தொப்புளில் கசிவு, வாந்தியில் ரத்தம், கறுத்த மலம். ஏன் என்று அடுத்த நாற்பது ஆண்டுகள் யாருக்கும் விளங்கவில்லை. டாமின் குஞ்சுகள்தான் விளக்கின. 1939 வாக்கில், பிறந்த குழந்தைகளின் ரத்தத்தில் புரோத்ராம்பின் குறைவு என்பதும், வைட்டமின் கே கொடுத்தால் அது சரியாகிறது என்பதும் பல இடங்களில் நிறுவப்பட்டன.

தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியே கே மிகக் குறைவாகவே குழந்தைக்குப் போகிறது. குடலில் பாக்டீரியாக்கள் இன்னும் குடியேறவில்லை. தாய்ப்பால் ஒரு லிட்டரில் இருப்பது சில மைக்ரோகிராம்தான். தாய் வழக்கமாகக் கீரை தின்பதால் மட்டும் அது பெரிதாக ஏறிவிடாது. இதைச் சொல்லும்போதே ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: தாய்ப்பாலைவிடச் சிறந்த உணவு பிறந்த குழந்தைக்கு இல்லை. அதில் குறைவாக இருக்கும் இந்த ஒரு சத்தை ஊசியால் ஈடுகட்டிவிட்டால் போதும். பாலை நிறுத்தவே கூடாது.

தொடக்கத்தில் கே3 என்ற செயற்கைப் பொருளை அதிக அளவில் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். அது சிவப்பணுக்களை உடைத்துக் காமாலையைக் கடுமையாக்கியது. அதனால் அது மனிதருக்கு நிறுத்தப்பட்டு, இலையில் இருக்கும் அதே கே1 வந்தது. கே3 இன்று கோழித் தீவனத்தில் கலக்கப்படுகிறது. டாமின் குஞ்சுகளுக்கு வந்த நோய் சித்தூர்க் கோழிப் பண்ணைகளில் வராமல் காக்கிறது. 1961-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் கே1 தர வேண்டும் என்றது. 1990-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஓர் ஆய்வு இந்த ஊசிக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று கிளப்பிய பயத்தை, பின்னால் வந்த பெரிய ஆய்வுகள் இல்லை என்று தீர்த்துவைத்தன. இந்தியாவில் மத்திய சுகாதார அமைச்சகம் 2014-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது: மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைக்குத் தொடையில் ஒரு மில்லிகிராம், ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையோடு பிறந்தால் அரை மில்லிகிராம்.

பிரசவ வார்டில் பாட்டிமார் கேட்பது நியாயமான கேள்விதான்: “பொறந்த பச்ச மண்ணுக்கு எதுக்குச் சிஸ்டரம்மா ஊசி? நாங்கல்லாம் போடாமதான் வளந்தோம்.” அதற்குப் பதில் இது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகாது என்பது உண்மை. ஆனால் ஊசி போடாத குழந்தைகளில் சிலருக்கு இரண்டாவது வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை திடீரென்று ரத்தம் கசியும். அதுவரை நன்றாகப் பால் குடித்துச் சிரித்துக்கொண்டிருந்த குழந்தைகள் அவர்கள். அப்படிக் கசிவது பெரும்பாலும் மூளைக்குள். பிழைத்தாலும் வாழ்நாள் ஊனம் தங்கிவிடுகிறது. எந்தக் குழந்தைக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. அதனால்தான் எல்லாக் குழந்தைக்கும்.

திருப்பதி ரூயா ஆஸ்பத்திரியில் பிறந்தாலும், நகரி அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தாலும், தனியார் நர்சிங் ஹோமில் பிறந்தாலும், தாயும் சேயும் வீடு திரும்புமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: “குழந்தைக்கு வைட்டமின் கே ஊசி போட்டாச்சா?” டிஸ்சார்ஜ் சீட்டில் அது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வழியில் ஆம்புலன்ஸிலோ வீட்டிலோ பிறந்த குழந்தையாக இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் போடச் சொல்லுங்கள். முதல் மூன்று மாதத்தில் தொப்புளிலோ மூக்கிலோ ரத்தம் வந்தாலும், காரணமில்லாமல் உடம்பில் கன்றிப்போனாலும், குழந்தை பால் குடிக்காமல் அயர்ந்து கிடந்தாலும், உச்சிக்குழி புடைத்தாலும் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். நமக்கு இந்தச் சத்து கீரைக் கட்டில் கிடைத்துவிடும். பிறந்த குழந்தைக்குக் கீரை எட்டாது. அந்த ஊசி போடப்பட்டதா என்று கேட்டு உறுதி செய்ய வேண்டியது கூட இருக்கும் நாம்தான்.